நிலக்காட்சிப் புகைப்படம்: ஒளி, எக்ஸ்போஷர், விமர்சனம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலக்காட்சி எடுக்கத் தொடங்கியவர்களோடு உட்கார்ந்து படங்களைப் பார்க்கும்போது மீண்டும் மீண்டும் எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கருவிகளைப் பற்றிய கேள்விகள் இவற்றில் குறைவு. ஒளியைப் பற்றியும், எடுத்த படத்தைப் பிறர் கண்ணால் பார்க்கப் பழகுவதைப் பற்றியுமே பெரும்பாலானவை. படத்தில் எந்த வெளிச்சம் தனக்கு முக்கியம் என்பதை ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே ஒருவர் முடிவு செய்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அந்த முடிவு இல்லாதபோது எக்ஸ்போஷர், அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவு, சரியா தவறா என்று சொல்லவும் வழியில்லை, கிடைக்கும் விமர்சனத்தைப் பயன்படுத்திக்கொள்ளவும் வழியில்லை.

நேரில் அவ்வளவு அழகாக இருந்த காட்சி, படத்தில் ஏன் சப்பென்று இருக்கிறது?

நம் கண் ஒரு காட்சியை ஒரே வீச்சில் பார்ப்பதில்லை. வானத்தைப் பார்க்கும்போது வானத்துக்கும், பாறையடி நிழலைப் பார்க்கும்போது நிழலுக்கும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. மூளை அந்தத் துண்டுகளையெல்லாம் ஒட்டி முழுக்காட்சியாக நமக்குத் தருகிறது. கேமராவோ ஒருமுறை திறந்து மூடும் நேரத்தில் வானத்துக்கும் நிழலுக்கும் ஒரே அளவைத்தான் கொடுக்க முடியும். அதுமட்டுமல்லாமல், நேரில் பார்த்தபோது காற்றின் குளிர், நீரின் ஓசை, நடந்து வந்த களைப்பு எல்லாம் காட்சியோடு சேர்ந்திருந்தன. படத்தில் மிஞ்சுவது வெளிச்சமும் வடிவமும் மட்டுமே.

ஆகவே கேமராவை எடுப்பதற்கு முன், என்னை இங்கே நிற்க வைத்தது எது என்று கேட்டு, விடையை ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். “மலை அழகாக இருக்கிறது” என்பது விடையாகாது. “ஓடையோரப் பாறையின் ஈரத்தில் ஒரு கீற்று வெளிச்சம் விழுந்திருக்கிறது, சுற்றிலும் இருள்” என்பது விடை. இப்படிச் சொல்ல முடிந்துவிட்டால், அந்தக் கீற்று வெளுத்துவிடக் கூடாது என்பதும், சுற்றியுள்ள இருளைத் தூக்கிக் காட்டத் தேவையில்லை என்பதும், அகன்ற வானத்துக்குப் படச்சட்டத்தில் இடமில்லை என்பதும் அடுத்தடுத்துத் தாமாகவே தெளிவாகும்.

எக்ஸ்போஷரை எளிமையாக எப்படிப் புரிந்துகொள்வது?

கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சாரில் விழும் ஒளியை, லென்ஸின் துவார அளவான அபெர்ச்சரும், ஒளியை உள்ளே விடும் நேரமான ஷட்டர் வேகமும் தீர்மானிக்கின்றன. கிடைத்த ஒளி எவ்வளவு பிரகாசமாகப் பதிய வேண்டும் என்பதை ஐஎஸ்ஓ என்ற அமைப்பு தீர்மானிக்கிறது. மூன்றையும் ஸ்டாப் என்ற ஒரே அளவுகோலால் அளக்கலாம். ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரட்டிப்பாகும், குறைந்தால் பாதியாகும். ஷட்டரை 1/125 நொடியிலிருந்து 1/60 நொடிக்கு மாற்றுவதும், அபெர்ச்சரை எஃப் 8-இலிருந்து எஃப் 5.6-க்குத் திறப்பதும் (எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிதாகும்), ஐஎஸ்ஓ 100-ஐ 200 ஆக்குவதும் பிரகாசத்தில் ஒரே மாற்றத்தைத்தான் தரும். ஆனால் மூன்றின் பக்கவிளைவுகள் வேறுவேறு: ஷட்டர் அசைவை மாற்றுகிறது, அபெர்ச்சர் எவ்வளவு ஆழம் வரை தெளிவாகத் தெரியும் என்பதை மாற்றுகிறது, ஐஎஸ்ஓ உயர உயரப் படத்தில் மணல்போன்ற இரைச்சல் கூடுகிறது.

நிலக்காட்சியில் பெரும்பாலும் முக்காலி இருப்பதால் ஐஎஸ்ஓவைக் கேமராவின் அடிப்படை அளவிலேயே வைத்துவிட்டு, அபெர்ச்சரை முதலில் தேர்ந்தெடுத்து, ஷட்டரை அதற்கேற்ப விட்டுவிடுவது வழக்கம். காற்றில் புல்லும் இலையும் ஆடும்போது மட்டும் இந்த வரிசையை மாற்றி, அசைவை நிறுத்தும் ஷட்டர் வேகத்துக்கு முதலிடம் கொடுத்து, ஐஎஸ்ஓவை உயர்த்தத் தயங்காதீர்கள். சிறிது இரைச்சலோடு தெளிவாக இருக்கும் புல், இரைச்சலின்றிக் கலங்கிப்போன புல்லைவிட எவ்வளவோ மேல்.

முன்னால் உள்ள பூவும் தூரத்து மலையும் ஒருசேரத் தெளிவாக வர எஃப் 22 வைக்கலாமா?

வைக்காமல் இருப்பது நல்லது. துவாரம் மிகச் சிறிதானால் ஒளி அதன் விளிம்பில் வளைந்து சிதறும். முழுச்சட்ட சென்சாரில் (35 மில்லிமீட்டர் ஃபிலிம் சட்டத்தின் அளவுள்ளது) எஃப் 16-ஐத் தாண்டினால் படம் முழுவதுமே சற்று மென்மையாகிவிடுவதைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது காணலாம். பெரும்பாலான லென்ஸ்கள் எஃப் 8 முதல் எஃப் 11 வரை நன்றாக வேலை செய்கின்றன. எங்கே ஃபோகஸ் செய்கிறோம் என்பதே இங்கே முக்கியம். முழுச்சட்டக் கேமராவில் 24 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 11-இல் வைத்து, ஏறத்தாழ 1.75 மீட்டர் தொலைவில் ஃபோகஸ் செய்தால், சுமார் 90 சென்டிமீட்டரிலிருந்து அடிவானம் வரை ஏற்கத்தக்க தெளிவு கிடைக்கும். அதைவிட அருகில் பூ இருந்தால், ஃபோகஸை மாற்றி மாற்றிச் சில படங்கள் எடுத்துப் பின்னர் இணைப்பதே வழி.

கேமரா காட்டும் அளவை நம்பலாமா?

அது எப்படிச் சிந்திக்கிறது என்று தெரிந்துகொண்டால் நம்பலாம். கேமராவின் ஒளியளவி தான் பார்க்கும் பரப்பை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதிக்கொள்கிறது. பனிமூடிய சமவெளியைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கப் பார்க்கும், கரும்பாறையைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கப் பார்க்கும். அதனால்தான் பனியில் எக்ஸ்போஷரை 1 முதல் 2 ஸ்டாப் வரை கூட்டவும், கரும்பாறையில் குறைக்கவும் வேண்டியிருக்கிறது. மூடுபனியிலும் இதே சிக்கல்தான். சற்றுக் கூட்டாவிட்டால் வெண்மை போய் அழுக்குச் சாம்பல் வந்துவிடும்.

படம் எடுத்தவுடன் திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விடியலுக்கு முந்தைய இருட்டில் அந்தத் திரை பளிச்சென்று தெரியும். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும். படத்திலுள்ள வெளிச்சப் பரவலைக் கேமரா வரைபடமாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். வரைபடத்தின் இடப்பக்கம் இருள், வலப்பக்கம் வெளிச்சம். வலது சுவரில் கோடு மோதி நின்றால் அந்தப் பகுதியில் விவரம் தொலைந்திருக்கக்கூடும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் இன்னும் பயனுள்ளது, ஏனென்றால் சூரிய உதயத்தின்போது மொத்த வெளிச்சம் பாதுகாப்பாக இருக்கும்போதே சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்துவிடும். மலைபோல நடுவில் குவிந்த வரைபடம்தான் சரி என்று எந்த விதியும் இல்லை. இரவுக்காட்சி இடப்பக்கம் குவியும், பனிக்காட்சி வலப்பக்கம் குவியும்.

ஒளியளவியே இல்லாமலும் சிந்திக்கலாம் என்பதற்கு அமெரிக்க நிலக்காட்சிக் கலைஞர் அன்சல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில் எடுத்த நிலவுதயப் படம் நல்ல சான்று. கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளின் மேல் கடைசி வெயில் இருந்தது. அவசரத்தில் ஒளியளவி கைக்கு அகப்படவில்லை. நிலவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில் (ஒளியை அளக்கும் அலகு) என்பது அவருக்கு நினைவிருந்ததால், அதையே அடிப்படையாக வைத்து எக்ஸ்போஷரைக் கணக்கிட்டு எடுத்தார். இரண்டாவது படத்துக்குள் வெயில் சிலுவைகளை விட்டு அகன்றுவிட்டது. காட்சியிலிருந்த எத்தனையோ வெளிச்சங்களில் தனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றைப் பற்றிக்கொண்டு மற்றவற்றை அதைச் சார்ந்து விழவிட்டதைத்தான் நான் இதில் மிகவும் மதிக்கிறேன்.

வானத்தைச் சரியாக எடுத்தால் நிலம் கறுக்கிறது, நிலத்தைச் சரியாக எடுத்தால் வானம் வெளுக்கிறது. என்ன செய்வது?

இது புகைப்படக் கலையின் முதல் தலைமுறையிலிருந்தே தொடரும் சிக்கல். 1850-களில் கடற்காட்சி எடுத்த பிரான்ஸ் நாட்டுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே, அன்றைய வேதிப்பூச்சு நீல ஒளிக்கு அளவுக்கு மீறி உணர்வு கொண்டிருந்ததால் வானம் வெளுத்துவிடுவதைக் கண்டு, வானத்துக்கு ஒரு நெகட்டிவும் கடலுக்கு ஒரு நெகட்டிவும் எடுத்து, அடிவானத்தில் இணைத்துப் படத்தை உருவாக்கினார். இன்று பிராக்கெட்டிங் என்று நாம் செய்வது ஏறத்தாழ அதே வேலை: ஒரே இடத்தில் முக்காலியை அசைக்காமல், 2 ஸ்டாப் குறைவாக ஒன்று, நடுவில் ஒன்று, 2 ஸ்டாப் அதிகமாக ஒன்று என மூன்று படங்கள் எடுத்துப் பின்னர் இணைக்கிறோம்.

அடிவானம் நேர்கோடாக இருந்தால், மேற்பாதி மட்டும் இருண்ட கிராஜுவேட்டட் என்டி ஃபில்டர் களத்திலேயே வேலையை முடித்துவிடும். மரமோ மலையோ மேலெழுந்து நின்றால் அதன் தலை கறுத்துவிடும் என்பதால் அங்கே பிராக்கெட்டிங் சிறந்தது. இவ்விரண்டும் தேவைப்படாத தருணங்களும் நிறைய உண்டு. அடிப்படை ஐஎஸ்ஓவில் நல்ல சென்சார்கள் 14 ஸ்டாப் அளவுக்கு வெளிச்ச வேறுபாட்டைப் பதிய வல்லவை என்பதால், வானம் வெளுக்காதபடி ஒரே படம் எடுத்து, நிழலைப் பின்னர் உயர்த்தினாலே போதுமானதாக இருக்கும்.

எந்த வழியைப் பின்பற்றினாலும் ஒன்றைக் கவனியுங்கள். ஏரியிலோ குளத்திலோ தெரியும் வானத்தின் பிம்பம், உண்மையான வானத்தைவிடச் சற்று இருண்டே இருக்கும், ஏனென்றால் ஒளியின் ஒரு பகுதி நீருக்குள் போய்விடுகிறது. ஃபில்டரால் வானத்தை அழுத்தி, நீரை அப்படியே விட்டுவிட்ட படங்களில் பிம்பம் வானத்தைவிடப் பிரகாசமாகத் தெரியும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், இது ஏதோ பொய் என்று உள்ளுக்குள் தோன்றிவிடும்.

ரா கோப்பில்தான் எடுக்க வேண்டுமா?

நிலக்காட்சிக்கு ஆம் என்றே சொல்வேன். சென்சார் பதிந்த விவரங்களைத் திருத்தாமல் வைத்திருப்பது ரா கோப்பு; கேமராவே திருத்திச் சுருக்கித் தருவது ஜேபெக். 8 பிட் ஜேபெக் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளைத் தருகிறது. 14 பிட் ரா கோப்பு 16,384 படிகளைத் தருகிறது. அந்தி வானத்தின் மெல்லிய நிறமாற்றத்தைச் சற்றே திருத்தும்போது ஜேபெக்கில் பட்டை பட்டையாகப் பிரிவது இதனால்தான். படத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸையும் ரா கோப்பில் பின்னர் மாற்றலாம். ஜேபெக்கில்தான் எடுப்பேன் என்றால், ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல் பகல்வெளிச்ச அளவில் நிறுத்துங்கள்; இல்லையேல் நீங்கள் காத்திருந்து பெற்ற பொன்னிறத்தைக் கேமரா குறையென்று கருதித் துடைத்துவிடும்.

காலையிலும் மாலையிலும் மட்டும்தான் எடுக்க வேண்டுமா?

சூரியன் தாழ்ந்திருக்கும் வேளைக்கு இவ்வளவு பெயர் ஏன் என்பதை முதலில் புரிந்துகொள்வோம். அடிவானத்தில் இருக்கும் சூரியனின் ஒளி, உச்சியில் இருக்கும்போது கடப்பதைப்போல ஏறத்தாழ 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. வழியில் நீலம் சிதறிப்போக, மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன. நிறத்தைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அந்த ஒளியின் சாய்வு. உச்சிவெயிலில் ஒரே தகடாகத் தெரிந்த மணல்மேடு, பக்கவாட்டு ஒளி பட்டதும் வரிவரியாக எழுந்து நிற்கிறது. ஒவ்வொரு வரிக்கும் ஓர் ஒளிப்பக்கமும் ஒரு நிழல்பக்கமும் வந்துவிடுகின்றன. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் நிறம் நன்றாக வரும், ஆனால் நிழல்கள் பொருள்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதால் காட்சி தட்டையாகும். சூரியன் எதிரில் இருந்தால் மூடுபனியும் புல்நுனியும் இலை விளிம்பும் ஒளிரும், எக்ஸ்போஷர் கடினமாகும். நிலநடுக்கோட்டுக்கு அருகே சூரியன் செங்குத்தாக இறங்குவதால் இந்தப் பொன்வேளை விரைவில் முடிந்துவிடும். துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல நீளும்.

சூரியன் மறைந்தவுடன் முக்காலியை மடித்துவிடாதீர்கள். அடிவானத்துக்குச் சில பாகைகள் கீழே அது இறங்கும்போது வானம் ஆழ்ந்த நீலமாகும், வானத்துக்கும் நிலத்துக்கும் உள்ள வேறுபாடும் குறையும். முழுநிலவு ஏறத்தாழ சூரியன் மறையும் நேரத்தில் எதிர்த்திசையில் எழுவதால், நிலவும் நிலமும் ஒரே எக்ஸ்போஷருக்குள் அடங்கும் சில நிமிடங்களும் அப்போது கிடைக்கும்.

உச்சிவெயிலை முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை. ஆழமற்ற தெளிந்த நீரின் அடித்தளம் அப்போதுதான் நிறத்தோடு தெரியும், குறுகிய பள்ளத்தாக்கின் அடிவரை ஒளி இறங்குவதும் அப்போதுதான். மேகங்கள் நகரும் நாளில் நிலத்தின் மேல் ஒளித்திட்டுகள் ஊர்ந்து செல்லும். நீங்கள் விரும்பும் இடத்துக்கு ஒரு திட்டு வந்து சேரும்வரை நிற்கப் பொறுமை இருந்தால் நண்பகலிலும் அருமையான படம் கிடைக்கும்.

மேகமூட்டமான நாளில் வெளியே போவது வீணா?

இல்லை. காட்டுக்கும் அருவிக்கும் அதுவே ஏற்ற நாள். வெயில் நாளில் காட்டுக்குள் இலைகளின் மேல் வெண்திட்டுகளும் அடியில் கருந்திட்டுகளுமாகக் கண் எங்கும் நிலைக்க முடியாமல் தவிக்கும். மேகம் மூடிய வானமோ பெரியதொரு மெல்லிய திரைபோல ஒளியைப் பரப்பிவிடுகிறது. வானத்தில் சுவையில்லை என்பதால் அதைச் சட்டத்திலிருந்து விலக்கிவிடுங்கள். மழை நின்ற உடனே சென்றால் பாசியின் பச்சையும் மரப்பட்டையின் பழுப்பும் ஆழ்ந்து தெரியும். ஈர இலைகளின் மேல் வெள்ளையாகப் பளபளக்கும் பூச்சை போலரைசர் ஃபில்டரைத் திருப்பி நீக்கலாம். அதனால் 1 முதல் 2 ஸ்டாப் வரை ஒளி குறையும். அதே ஃபில்டரை அகன்ற லென்ஸில் நீலவானத்துக்குப் பயன்படுத்தினால், சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள பகுதி மட்டும் கருநீலப் பட்டையாகிவிடும் என்பதால் அங்கே கவனம் தேவை.

நீரைப் பட்டுப்போல எடுக்க எத்தனை நொடி?

அருவிக்கு 1/4 முதல் 1 நொடி வரை தொடங்கிப் பாருங்கள். அந்த அளவில் மென்மையும் இருக்கும், நீரின் இழைகளும் மிஞ்சும். கரையிலிருந்து திரும்பும் அலையின் கோடுகளுக்கும் அரை நொடி அளவே போதும். 30 நொடியைத் தாண்டினால் கடல் மூடுபனியாகிவிடும். பகலில் இவ்வளவு நேரம் திறக்க, ஒளியைக் குறைக்கும் அடர்ந்த என்டி ஃபில்டர் வேண்டும்: 1/60 நொடி தேவைப்படும் இடத்தில் 10 ஸ்டாப் ஃபில்டர் போட்டால் சுமார் 17 நொடியாகிவிடும். நீரை எப்போதும் பட்டாக்கத்தான் வேண்டும் என்று எண்ணாதீர்கள். பாறையில் மோதிச் சிதறும் அலையின் சினம்தான் உங்களை நிறுத்தியது என்றால், அதை மென்மையாக்குவது உங்கள் சொந்த முடிவுக்கே எதிரானது.

மொபைலில் எடுப்பவர்களுக்கு இவை பொருந்துமா?

ஒளியைப் பற்றியவை முழுவதும் பொருந்தும். மொபைலில் அபெர்ச்சர் பெரும்பாலும் மாறாது. ஆயினும் திரையில் பிரகாசமான இடத்தைத் தொட்டு, விரலைக் கீழே இழுத்து எக்ஸ்போஷரைக் குறைக்கலாம். வானம் காப்பாற்றப்பட இதுவே போதும். லென்ஸைத் துடைத்துவிட்டு எடுங்கள். விரல்ரேகை படிந்த லென்ஸில் சூரியனை எதிர்கொண்டால் படம் முழுவதும் மங்கலாகிவிடும்.

எடிட்டிங் செய்வது ஏமாற்று அல்லவா?

இல்லாத மலையை வைத்துவிட்டு நேரில் கண்டது என்று சொன்னால் அது ஏமாற்று. எடுத்த ஒளியை நீங்கள் உணர்ந்தபடி கொண்டுவருவது கலையின் ஒரு பாதி. மேலே சொன்ன நிலவுதயப் படத்தின் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை ஆடம்ஸ் 1948-இல் வேதிமுறையில் வலுவூட்டினார். பிற்காலத்தில் அவர் அச்சிட்ட பிரதிகளில் வானம் முந்தையவற்றைவிட மிகவும் இருண்டிருக்கும். ஒளி எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசையை மதித்துத் திருத்துங்கள். நிழலையெல்லாம் தூக்கிவிட்ட படத்தில் ஒளி எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் போய்விடும். அண்மையில் நான் பார்க்கும் படங்களில் மிக அதிகமாகக் காணும் குறை இதுதான்.

பிறரிடம் கருத்து கேட்டால் “அருமை” என்றுதான் சொல்கிறார்கள். பயனுள்ள விமர்சனத்தை எப்படிப் பெறுவது?

பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். “எப்படி இருக்கிறது?” என்று கேட்பவருக்கு, அன்புள்ள எவரும் “நன்றாக இருக்கிறது” என்றே சொல்வார். அதற்கு மாறாக, “ஈரப்பாறையின் மேல் விழுந்த ஒளிதான் எனக்கு முக்கியம், உங்கள் கண் முதலில் எங்கே போகிறது, பிறகு எங்கே போகிறது?” என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு விடை சொல்லப் புகைப்படம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. புகைப்படம் தெரிந்தவரிடம் அபெர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ, ஃபில்டர் விவரங்களையும், திருத்துவதற்கு முந்தைய கோப்பையும் சேர்த்துக் காட்டினால், குறை எடுத்தபோது வந்ததா திருத்தியபோது வந்ததா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியும்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். மூடுபனியில் தனித்து நிற்கும் ஒரு மரத்தை, இருட்டிலேயே போய்க் காத்திருந்து எடுத்தேன். பனியின் வெண்மை, கிளைகளின் மென்மை, எக்ஸ்போஷர் எல்லாம் நினைத்தபடியே வந்திருந்தன. நண்பர் ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “என் கண் மரத்துக்கு வரவே இல்லை, வலது மேல்மூலையிலேயே நிற்கிறது” என்றார். அந்த மூலையில், சட்டத்துக்குள் எட்டிப் பார்த்த வேறொரு கிளையின் இலைகளுக்கு நடுவே நகக்கண் அளவுக்கு ஓர் இடைவெளி. அதன் வழியே வெறும் வெண்வானம். நூறு முறை பார்த்திருப்பேன், என் கண்ணுக்கு அது படவில்லை. எனக்கு மரம்தான் தெரிந்தது, ஏனென்றால் நான் மரத்துக்காகக் காத்திருந்தவன். இரண்டடி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் அந்தக் கிளையே சட்டத்துக்குள் வந்திருக்காது. அன்றிலிருந்து ஷட்டரை அழுத்துவதற்கு முன் நான்கு விளிம்புகளையும் ஒருமுறை கண்ணால் சுற்றிவருவது என் வழக்கமாயிற்று.

ஒருவர் இருட்டு என்கிறார், மற்றொருவர் வெளிச்சம் என்கிறார். யாரைக் கேட்பது?

இருவரும் சொல்லும் தீர்வை விட்டுவிட்டு, அவர்கள் எந்த இடத்தைச் சுட்டுகிறார்கள் என்று பாருங்கள். ஒரே மலையடிவாரத்தைத்தான் இருவரும் சுட்டினால் அங்கே ஏதோ சரியில்லை என்பது உறுதி. தீர்வு இருவர் சொன்னதுமாக இல்லாமலும் இருக்கலாம். வெவ்வேறு இடங்களைச் சுட்டினால் அது சுவை வேறுபாடாக இருக்கக்கூடும். வெளுத்துப்போன வானம், சாய்ந்த அடிவானம், கலங்கிய ஃபோகஸ், சென்சாரில் படிந்த தூசிப்புள்ளி போன்றவை சுவையைச் சார்ந்தவை அல்ல. அவற்றை யார் சொன்னாலும் உடனே திருத்துங்கள். திரைகளின் பிரகாசமும் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால், இருட்டு வெளிச்சம் பற்றிய வாதத்தை முடிக்க ஒரே அச்சுப்பிரதியை இருவரிடமும் காட்டுவது நல்ல வழி.

பிறர் படத்துக்கு நான் கருத்து சொல்லும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் காண்பதைச் சொல்லுங்கள், பிறகு அதன் காரணத்தை, கடைசியாக வழியை. “வானம் என் கண்ணை இழுத்துக்கொள்கிறது, நிலத்தைவிட அது மிகவும் பிரகாசமாக இருக்கிறது, வானத்தின் அளவைச் சட்டத்தில் குறைத்தால் அல்லது 1 ஸ்டாப் அடக்கினால் ஓடை முன்வரும்” என்று சொன்னால் கேட்பவர் அடுத்த விடியலில் அதைச் செய்து பார்க்கலாம். “ஏதோ குறைகிறது” என்றால் அவர் தூக்கம்தான் கெடும். நன்றாக வந்திருப்பதையும் இதே நுணுக்கத்தோடு சொல்லுங்கள். எது வேலை செய்தது என்று தெரியாதவர் அடுத்த முறை அதையே கைவிட்டுவிடக்கூடும். அவர் எடுக்க நினைத்த படத்துக்குத்தான் நீங்கள் உதவ வேண்டும். அந்த இடத்தில் நீங்கள் எடுத்திருக்கக்கூடிய படத்தை அவர்மேல் ஏற்றக் கூடாது.

கருத்து கேட்க அருகில் யாருமே இல்லையென்றால்?

எடுத்த அன்றே தேர்ந்தெடுக்காதீர்கள். காத்திருந்த களைப்பும் மகிழ்ச்சியும் அடங்க ஒரு வாரமாவது விடுங்கள். பிறகு படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். மரம் மரமாகத் தெரியாமல் வெளிச்சத் திட்டுகளாகத் தெரியும்போது, கனம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது புலப்படும். கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் முதலில் தெரிவது நீங்கள் தேர்ந்தெடுத்த வெளிச்சம்தானா என்று சரிபாருங்கள். இல்லையென்றால் திருத்தும் மென்பொருளைத் திறப்பதற்கு முன், அதே இடத்துக்கு மீண்டும் ஒருமுறை, முடிந்தால் வேறொரு பருவத்தில், செல்ல முடியுமா என்று யோசியுங்கள். போகும்போது பழைய படத்தின் சிறிய அச்சுப்பிரதி ஒன்றைப் பையில் எடுத்துச் சென்று, முக்காலியை விரிப்பதற்கு முன் காட்சியோடு பக்கத்தில் பிடித்துப் பாருங்கள்.